காலைச் சுற்றுக்கு ஒரே கருவி: களைக்கொத்தை இருபக்கக் கருவியாக அடித்துக்கொள்வது எப்படி?

காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டுத் தோட்டத்தைச் சுற்றி வரும்போது கையில் என்னென்ன எடுத்துப் போகிறீர்கள்? ஒரு களைக்கொத்து, ஓர் அரிவாள், சொட்டுநீர்க் குழாயைக் கிளறிப் பார்க்க ஒரு குச்சி. பாதி தூரம் போன பிறகுதான் தேவையான சாமான் மோட்டார் ரூமில் கிடப்பது ஞாபகத்துக்கு வரும்.

பல்லடம், பொங்கலூர், அவினாசி, ஊத்துக்குளி பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. விடிந்தால் ஊருக்குள் பனியன் கம்பெனி வேன் வந்து நிற்கிறது. களையெடுக்கப் பத்து ஆள் வந்த காட்டில் இன்று கணவனும் மனைவியும் இரண்டு பேர்தான். அதனால் 'நாலு வேலைக்கு ஒரே கருவி இருந்தால் என்ன' என்ற எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. எண்ணம் சரிதான். ஆனால் எந்த நாலு வேலை என்பதில்தான் பலரும் ஏமாறுகிறோம்.

கடையிலும் ஆன்லைனிலும் மடக்குக் கத்தி, ரம்பம், குறடு, மண்வெட்டி எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த கருவிகள் கிடைக்கின்றன. இந்த வகையில் பேர்போன ஒன்றை உருவாக்கியவர் அமெரிக்காவின் டிம் லெதர்மேன். 1975ல் ஒரு பழைய காரில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, வண்டி ரிப்பேருக்கும் விடுதிக் குழாய் ரிப்பேருக்கும் கையிலிருந்த கத்தி போதவில்லை. அந்தக் குறைதான் அவருடைய கருவிக்கு ஆரம்பம். 1983ல் அது விற்பனைக்கு வந்தது. அவருக்கு இருந்தது ரிப்பேர் வேலை, நமக்கு இருப்பது மண் வேலை. மடக்கும் கீலில் ஈர மண் புகுந்தால் ஒரே வாரத்தில் துரு ஏறி இறுகிவிடும், கொத்தும்போது ஆணி ஆட்டம் கொடுக்கும். நம்மூர் பனியன் கம்பெனியில் நூல் வெட்டும் டிரிம்மரைப் பாருங்கள். வளைத்த ஒரே இரும்புத் தகடு, நடுவில் ஆணி கிடையாது. நாள் முழுக்க ஆயிரக்கணக்கான தடவை வெட்டினாலும் தாங்குகிறது. மண்ணில் உழைக்கும் கருவியும் அப்படி ஒரே துண்டாக இருப்பதுதான் நல்லது.

ஆகவே பட்டறைக்குப் போவதற்கு முன்பு ஒரு வாரம் நோட்டுப் போடுங்கள். காலைச் சுற்றில் குனிந்த ஒவ்வொரு முறையும் எதற்காகக் குனிந்தீர்கள் என்று மட்டும் எழுதினால் போதும். வெங்காயக் காடு என்றால் பெரும்பாலும் மூன்று வேலைதான் திரும்பத் திரும்ப வரும். செடிக்கு நடுவே களை செதுக்குவது, கோரையைக் கிழங்கோடு பெயர்த்தெடுப்பது, மண் மூடிய சொட்டுநீர்க் குழாயைத் தூக்கிப் பார்ப்பது. மூன்றையும் ஒரே தலையில் அடக்கிவிடலாம். ஒரு பக்கம் அலகு, மறுபக்கம் இரண்டு பல், நடுவில் காம்பு போகும் கண். அவ்வளவுதான்.

அரிவாளையும் இதிலேயே சேர்த்தால் என்ன என்று கேட்பீர்கள். வேண்டாம். மண்ணைத் தொடும் விளிம்பும் செடியைத் தொடும் விளிம்பும் ஒன்றாக இருக்கக்கூடாது. கல்லில் பட்டு மழுங்கிய விளிம்பால் முருங்கையைக் கவாத்து செய்தால் கிளை நசுங்கும், காயத்தில் மண்ணும் சேர்ந்துகொள்ளும். மூலனூர், தாராபுரம் பக்கத்து முருங்கைக்காரர்கள் கவாத்துக் கத்தியைத் தனியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. நான் முதன்முதலில் அடிக்கச் சொன்ன கருவியில் கொத்தின் பின்பக்கம் கூரான அரிவாள் மூக்கு வைத்திருந்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள், கெட்டி மண்ணில் கொஞ்சம் ஓங்கிக் கொத்தியபோது பின்பக்கம் நெற்றிக்கு வந்துவிட்டது. மூன்று தையல். கருவியை ஓங்கும்போது பின்பக்கம் உங்கள் முகத்தைப் பார்க்கிறது, அங்கே வெட்டும் விளிம்பு இருக்கவே கூடாது. பற்களும் முனை மழுங்கலாகத்தான் இருக்க வேண்டும். மழுங்கிய பல் சொட்டுநீர்க் குழாயையும் குத்தாது. இருபக்கக் கருவியை முழங்கால் உயரத்துக்கு மேல் ஓங்காமல், இழுத்துக் கொத்தும் வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஓங்கி வெட்டும் வேலைக்கு மண்வெட்டி இருக்கிறது.

அளவைப் பயிர்தான் சொல்லும்

சின்ன வெங்காயத்தை 45 செ.மீ. பாரின் இரு பக்கமும் 10 செ.மீ. இடைவெளியில் நடுகிறோம். அதற்கு நடுவே புகுந்து வர அலகு 5 செ.மீ. அகலம் இருந்தால் போதும், இரண்டு பக்கமும் இரண்டரை செ.மீ. மிஞ்சும். மக்காச்சோளம் 60க்கு 25 செ.மீ. என்பதால் அலகு 8 செ.மீ. வரை போகலாம். இரண்டு பயிரும் மாறி மாறிப் போடுபவர்கள் சின்ன அளவையே எடுங்கள். அகலக் கொத்தால் வெங்காயத்தில் களையெடுக்க முடியாது, சின்னக் கொத்தால் சோளத்தில் முடியும். அலகின் இரண்டு மூலையையும் அரத்தால் உருட்டிவிடுங்கள். களையெடுக்கும்போது 16 மி.மீ. குழாய் அறுபடுவது பெரும்பாலும் அந்த மூலையால்தான்.

எடையைப் பலரும் கவனிப்பதில்லை. 'கனமாக இருந்தால் வேலை சீக்கிரம் ஓடும்' என்பது மண்வெட்டிக்குப் பொருந்தும். உட்கார்ந்து ஒரு கையால் கொத்தும் கருவி காம்போடு சேர்த்து 800 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலகுப் பக்கமும் பல் பக்கமும் எடை ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். தலையைக் கண்ணுக்கு அடியில் ஒரு விரலில் நிறுத்திப் பாருங்கள், ஒரே பக்கம் சாய்ந்தால் பட்டறையிலேயே குறைக்கச் சொல்லுங்கள். சாயும் கருவி ஒவ்வொரு கொத்துக்கும் மணிக்கட்டைத் திருகும்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

இரும்புக் கடையில் கிடைக்கும் சாதாரணப் பட்டை மலிவு, அடிக்கவும் சுலபம். ஆனால் அதில் கார்பன் குறைவு என்பதால் எவ்வளவு துவைச்சல் போட்டாலும் கெட்டியாகாது. பல்லடத்துச் சரளை மண்ணில் நாலு நாளில் மழுங்கிவிடும். பழைய லாரியின் வில் பட்டையைக் கேட்டு வாங்குங்கள். விரிசல் இல்லாத துண்டாக இருக்கட்டும்.

துவைச்சல் போடும்போது பக்கத்தில் நில்லுங்கள். இரும்பு சரியான சூட்டுக்கு வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு காந்தம் போதும். சிவக்கக் காய்ந்த இரும்பில் காந்தம் ஒட்டாமல் போகும் நிலை சுமார் 770 டிகிரி. அதைவிடக் கொஞ்சம் சூடேற்றி எண்ணெயில் முக்க வேண்டும். வில் பட்டையைத் தண்ணீரில் முக்கினால் விரிசல் விடலாம். முக்கி எடுத்த இரும்பு கண்ணாடி மாதிரி இருக்கும், கல்லில் பட்டால் தெறிக்கும். எனவே அலகைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, கண் பக்கமிருந்து மெதுவாகச் சூடேற்றச் சொல்லுங்கள். மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் நகர்ந்து வரும். மணல் கலந்த மண்ணுக்கு அலகு பழுப்பில் நிறுத்தலாம். கல் காட்டுக்கு ஊதா வரை விடுங்கள். பற்களுக்கு நீலம். கொஞ்சம் மழுங்கினால் அரம் போட்டுக்கொள்ளலாம், உடைந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

கண்ணைக் கூந்தாலிக்கு (பிக்காசு) இருப்பது போல மேலே அகலம், கீழே குறுகலாக அமையுங்கள். காம்பை மேலிருந்து விட்டுத் தட்டினால் தானாக இறுகும், தலை கழன்று பறக்காது. இதில் இன்னொரு வசதி இருக்கிறது. ஒரே தலைக்கு இரண்டு காம்பு வைத்துக்கொள்ளலாம். உட்கார்ந்து கொத்த 40 செ.மீ. காம்பு, நின்றுகொண்டு இழுக்க 120 செ.மீ. காம்பு. டிவிஎஸ் எக்ஸ்எல் பையில் குட்டையானது போதும். என்னைக் கேட்டால், பத்து வேலைக்கு ஒரு கருவி என்பதைவிட ஒரு தலைக்கு இரண்டு காம்பு என்பதில்தான் லாபம் அதிகம். முழங்கால் வலியோடு உட்கார முடியாதவர்களுக்கு அந்த நீளக் காம்புதான் கருவியே.

காம்புக்குக் கருவேலம் நல்லது. நன்றாகக் காய்ந்த மரமாக இருக்கட்டும். ஈர மரம் போட்டால் வெயிலில் சுருங்கி ஆட்டம் கொடுக்கும். வட்டமாகச் சீவாமல் முட்டை வடிவமாகச் சீவுங்கள், வியர்த்த கையில் சுழலாது. பிடி சறுக்கினால் துணி சுற்றாதீர்கள், அது வியர்வையை உறிஞ்சி இன்னும் வழுக்கும். பழைய சைக்கிள் டியூப் போதும்.

பிடியின் தடிமனில் ஒரு தவறு நடக்கிறது. நம் பகுதியில் களையெடுப்பது பெரும்பாலும் பெண்கள். பட்டறைக்குப் போய்ப் பிடித்துப் பார்த்து 'ம், சரி' என்பது ஆண்கள். ஆணின் கைக்கு வசதியான 4 செ.மீ. பிடியைச் சின்னக் கையால் நாள் முழுக்க இறுக்கிப் பிடித்தால் சாயங்காலம் விரல் மடங்காது. பெண்களுக்கு 3 முதல் 3.5 செ.மீ. இருந்தால் போதும். யார் அதிகம் பிடிக்கிறார்களோ அவர்களைக் கூட்டிப் போங்கள். அதற்கு முன்பு வீட்டில் ஒரு மரத்துண்டையும் தகரத்தையும் வைத்து மாதிரி செய்து அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள். இரும்பில் மாற்றுவதைவிட மரத்தில் மாற்றுவது சுலபம்.

இப்படி விவசாயிகளே யோசித்துச் செய்த கருவிகள் பெரிய அளவில் போனதும் உண்டு. உடுமலைத் தோப்புகளில் பார்க்கும் தென்னை ஏறும் கருவி, கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம்.ஜே.ஜோசப் என்ற விவசாயி உருவாக்கிய வடிவத்திலிருந்து வந்தது. நீங்கள் செய்தது உண்மையிலேயே புதிதாகத் தோன்றினால் பொங்கலூர் வேளாண் அறிவியல் நிலையத்திலோ, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பண்ணை இயந்திரப் பிரிவிலோ காட்டி விசாரியுங்கள். காப்புரிமை எடுக்கும் எண்ணம் இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பு ஊரெல்லாம் காட்டியோ வாட்ஸ்அப்பில் படம் போட்டோ விடாதீர்கள். முன்பே வெளியே தெரிந்த பொருள் புதியது அல்ல என்று விண்ணப்பம் தள்ளுபடி ஆகலாம்.

கருவி வீட்டுக்கு வந்த பிறகு, வீணான 16 மி.மீ. சொட்டுநீர்க் குழாயில் அலகு அகலத்துக்கு ஒரு துண்டு நறுக்கி, நீளவாக்கில் கீறி அலகின் மேல் மாட்டிவிடுங்கள். வண்டிப் பையில் போட்டாலும் கையைக் கிழிக்காது. சாயங்காலம் மண்ணைத் தட்டிவிட்டு, பனியன் வேஸ்ட் துணியில் துளி எண்ணெய் தொட்டுத் துடைத்துத் தொங்கவிடுங்கள். வாரம் ஒரு முறை அலகின் உள்பக்கம் மட்டும் அரம் போட்டால் போதும்.