வாயில்லா உயிர்களுக்கான மருத்துவம்

தமிழில் ‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உண்டு. கால்நடையையே செல்வமாகக் கருதி வாழ்ந்த சமூகத்தின் சுவடு அச்சொல்லில் பதிந்துள்ளது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் அப்பொருள் இன்றும் வழக்கொழிந்து போகவில்லை. அங்குப் பருத்தியும் மக்காச்சோளமும் மழையை நம்பியே விளைகின்றன. மழை பொய்த்த ஆண்டில், கொட்டகையில் கட்டியிருக்கும் நான்கு வெள்ளாடுகளே பிள்ளைகளின் படிப்புச் செலவாகவும் மருத்துவச் செலவாகவும் மாறுகின்றன. நிலமற்ற குடும்பத்திற்கு அவையே சேமிப்பு. அவ்வாடுகள் ஒரே வாரத்தில் நோயுற்று மடியுமானால், அழிவது ஒரு குடும்பத்தின் பல்லாண்டு உழைப்பாகும். கால்நடை மருத்துவக் கல்வியின் தேவை இங்கிருந்தே தொடங்குகிறது.

பெயரில் பொதிந்த அறிவு

கால்நடை வளர்ப்போர் நோய்களைக் கூர்ந்து நோக்கிப் பெயரிட்டனர். தொண்டை வீங்கி மூச்சுத் திணறும் நோயைத் தொண்டை அடைப்பான் என்றனர். தொடைச் சதை வீங்கும் நோயைச் சப்பை நோய் என்றனர். வாயிலும் குளம்பிலும் புண் தோன்றுவது கோமாரி. மாட்டு மந்தைகளை அடியோடு அழித்தது வெக்கை. இப்பெயர்கள் பட்டறிவின் பதிவுகள். எனினும், கண்ணுக்குப் புலப்படுவது நோயின் அறிகுறி மட்டுமே. அதன் காரணம் புலப்படுவதில்லை. ஒரே அறிகுறி இரு வேறு நோய்களுக்கு உரியதாகவும் இருக்கலாம். நோயுற்ற விலங்கோ தன் துன்பத்தைச் சொல்ல இயலாதது. அதன் உடலையும் குருதியையும் ஆராய்ந்தே உண்மையை அறிய வேண்டும்.

கல்வி வளர்ந்த வரலாறு

பிரான்சு நாட்டின் லியோன் நகரில் 1761ஆம் ஆண்டு கிளாடு பூர்ழெலா என்பார் கால்நடை மருத்துவப் பள்ளியை நிறுவினார். அக்காலத்தில் ஐரோப்பிய மாடுகளைக் கொன்று குவித்த வெக்கை நோயும் அம்முயற்சிக்கு ஒரு தூண்டுதலாயிற்று. இந்தியாவில் 1889இல் புனேயில் நுண்ணுயிரியல் ஆய்வகம் ஒன்று தொடங்கப்பட்டது. கொடிய நோய்க் கிருமிகளைக் கையாள்வதற்கு மக்கள் நெருக்கமற்ற இடம் வேண்டும் என்பதால், அது 1893இல் இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவருக்கு மாற்றப்பட்டது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் தோன்றியது. இராணிப்பேட்டையில் தடுப்பு மருந்துகளை உருவாக்கும் நிறுவனம் 1932இல் அமைந்தது. 1989இல் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாயிற்று.

அரசூர் தந்த செய்தி

பெரம்பலூருக்கு வடக்கே, விழுப்புரம் பகுதியில் உள்ள சிற்றூர் அரசூர். 1987ஆம் ஆண்டு அங்குச் செம்மறியாடுகளுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. மூக்கிலும் கண்ணிலும் நீர் வடிந்தது; வாய் புண்ணாயிற்று; கழிச்சல் மிகுந்தது; ஆடுகள் மடிந்தன. பார்வைக்கு அது வெக்கை நோய் போன்றே இருந்தது. ஆய்வின் முடிவோ வேறாக அமைந்தது. ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் நாட்டில் 1942இல் முதன்முதலாக விவரிக்கப்பட்ட ஆட்டுக்கொல்லி நோயே அது என உறுதிப்பட்டது. இந்தியாவில் அந்நோய் கண்டறியப்பட்டது அதுவே முதன்முறை.

வெக்கை, ஆட்டுக்கொல்லி, மனிதருக்கு வரும் தட்டம்மை ஆகிய மூன்றின் வைரசுகளும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஒன்றை மற்றொன்றாகக் கருதுவது எளிது. அதன் விளைவோ பெரிது. அக்காலத்தில் இந்தியா வெக்கை நோயை அறவே ஒழிக்க முயன்றுகொண்டிருந்தது. ஒரு நாடு நோயற்றது என மெய்ப்பிக்க வேண்டுமெனில், முதலில் தடுப்பூசியை நிறுத்த வேண்டும். ஏனெனில், தடுப்பூசி பெற்ற மாட்டின் குருதியிலும் நோயுற்றுப் பிழைத்த மாட்டின் குருதியிலும் ஒரே வகை எதிர்ப்பொருளே காணப்படும். தடுப்பூசியை நிறுத்திய பின்னர் ஏதேனும் ஓர் ஆட்டுப்பட்டியில் தோன்றும் நோயை வெக்கை எனப் பிழையாகக் கொண்டால், பல்லாண்டு முயற்சி வீணாகும். ஆதலால், இரண்டையும் பிரித்தறியும் ஆய்வுமுறைகள் இன்றியமையாதவை ஆயின. இந்தியாவில் வெக்கை நோய் 1995இல் இறுதியாகக் காணப்பட்டது. 2011இல் அது உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனித முயற்சியால் முற்றிலும் ஒழிந்த நோய் இஃது ஒன்றே.

அரசூரில் பிரித்தெடுக்கப்பட்ட வைரசும் வீணாகவில்லை. அதனை வீரியம் குறைத்துத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் ஆட்டுக்கொல்லித் தடுப்பூசியை உருவாக்கியது. ‘அரசூர் 87’ என்னும் பெயரில் அச்சிற்றூர் அறிவியல் உலகில் நிலைபெற்றது. கொன்ற கிருமியே காக்கும் மருந்தாயிற்று.

ஆய்வகத்திலிருந்து பட்டிக்கு

தடுப்பூசி ஆய்வகத்தில் உருவாவதால் மட்டும் பயன் விளைவதில்லை. உயிருள்ள வைரசைக் கொண்ட அம்மருந்து, ஊசியிடும் வரை குளிர்நிலையில் இருத்தல் வேண்டும். கோடை வெயிலில் ஒரு நண்பகல் பொழுது வெளியே கிடந்தாலும் அதன் ஆற்றல் அழியும். தாயின் சீம்பாலால் பெற்ற எதிர்ப்பாற்றல் குட்டியின் உடலில் எஞ்சியிருக்கும்போது ஊசியிட்டால், அது தடுப்பூசியைச் செயலற்றதாக்கிவிடும். எனவே, நான்கு மாதம் நிறைந்த குட்டிகளுக்கே ஊசியிடுவர். சந்தையில் வாங்கிய ஆட்டை மூன்று வாரங்களேனும் தனியே கட்டி வைத்த பின்னரே மந்தையில் சேர்க்க வேண்டும். நோய் பெரும்பாலும் சந்தை வழியாகவே ஊருக்குள் நுழைகிறது. அடைப்பான் நோயால் இறந்ததாக ஐயுறும் விலங்கை அறுத்தல் கூடாது. அதன் கிருமி மண்ணில் பல்லாண்டுகள் உயிர்த்திருப்பதுடன், மனிதரையும் தாக்கும்.

இத்தகைய செய்திகளை வளர்ப்போரிடம் கொண்டு சேர்ப்பதும் பல்கலைக்கழகத்தின் கடமையே. அதற்கென அமைந்த பயிற்சி, ஆராய்ச்சி மையங்களுள் ஒன்று பெரம்பலூரில் இயங்குகிறது.

படிப்பும் பொறுப்பும்

கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு, உள்ளிருப்புப் பயிற்சியுடன் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் நிகழ்வது. உடற்கூறியல், உடலியங்கியல், நோய்க்குறியியல், நுண்ணுயிரியல், ஒட்டுண்ணியியல், அறுவை மருத்துவம் ஆகியன அதில் கற்பிக்கப்படுகின்றன. மனித மருத்துவர் ஓர் இனத்தின் உடலைக் கற்கிறார். கால்நடை மருத்துவரோ மாடு, ஆடு, குதிரை, நாய், கோழி எனப் பல இனங்களின் உடலைக் கற்கிறார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு இப்படிப்பில் 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு உண்டு. ஆடு மேய்த்த அனுபவமுள்ள மாணவர், பாடநூலில் இல்லாத ஒரு தகுதியுடன் அவ்வகுப்பறைக்குள் நுழைகிறார். மந்தையிலிருந்து விலகி நிற்கும் ஆட்டைத் தொலைவிலேயே அடையாளம் காணும் கண் அவருக்கு முன்பே வாய்த்திருக்கிறது.

ஆட்டுக்கொல்லி நோயை 2030ஆம் ஆண்டிற்குள் உலகிலிருந்து ஒழிப்பது பன்னாட்டு அமைப்புகளின் இலக்கு. வெக்கை நோயைக் கண்ணால் கண்ட கால்நடை மருத்துவர்கள் இன்று அரிதாகி வருகின்றனர். ஆட்டுக்கொல்லியும் அவ்வாறே நூல்களில் மட்டும் எஞ்சும் நாள் வருதல் வேண்டும். அதுவரை, வாயில்லா உயிரின் நோயைக் காலத்தே அறிந்து சொல்லும் ஒருவர், ஓர் ஆட்டை மட்டுமன்றி அதனை நம்பியிருக்கும் ஒரு வீட்டையும் காக்கிறார்.