"பால் பத்தலை" என்று சொல்வதற்கு முன்...



ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரு அக்கா எங்களிடம் சொன்னார்: "மருமகளுக்குப் பால் பத்தலைங்க. சாயந்திரமானா பிள்ளை ஓயாம அழுவுது. அதான் மாட்டுப்பாலைத் தண்ணி ஊத்திக் காய்ச்சிக் குடுக்கிறோம்." பிள்ளைக்கு அப்போது இரண்டரை மாதம். அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்கா வரவில்லை. பேரனுக்கு வயிற்றுப்போக்கு என்று ஆஸ்பத்திரியில் இருந்தார்.

6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது நமக்குத் தெரியும். ஆனால் 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 6 மாதத்துக்கு உட்பட்ட 100 குழந்தைகளில் சுமார் 55 பேருக்குத்தான் அப்படிக் கிடைக்கிறது. ஏன்?

முதல் காரணம் பயம். பிள்ளை அழுதால், "பால் பத்தலை" என்று முதலில் சொல்வது யார்? பெரும்பாலும் மாமியார், அம்மா, பக்கத்து வீட்டு அக்கா. அதாவது நாம்தான். ஆனால் அழுகை எல்லாம் பசி அல்ல. முதல் மூன்று மாதம் பல பிள்ளைகள் சாயந்திரத்தில் காரணமில்லாமலே அழும். சில வாரத்தில் மார்பு கனம் குறைந்து தளர்வதும் இயல்புதான். பால் வற்றிவிட்டது என்று அர்த்தமில்லை.

இறைக்கிற கிணறுதான் ஊறும். ஒரு வேளை மாட்டுப்பால் கொடுத்தால் பிள்ளை அந்த வேளை மார்பில் சப்பாது. சப்பாவிட்டால் சுரப்பு குறையும். பிறகு இரண்டு வேளை, மூன்று வேளை என்று ஆகி, இல்லாத குறை நிஜமாகவே வந்துவிடும்.

இரண்டாவது வலி. பிள்ளை காம்பை மட்டும் சப்பினால் புண்ணாகும். கருவட்டமும் வாய்க்குள் போகும்படி பிடிக்க வேண்டும்.

மூன்றாவது வேலை. களை எடுக்கப் போகும் தாய், பாலைக் கையால் பீய்ச்சி, சுத்தமான பாத்திரத்தில் மூடி நிழலில் வைத்துவிட்டுப் போகலாம். 4 மணி நேரத்துக்குள் பாலாடையில் ஊட்டுங்கள். பாட்டில் வேண்டாம்.

பால் போதுமா என்று எப்படித் தெரியும்? முதல் வாரத்துக்குப் பிறகு, தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளை ஒரு நாளில் 6 தடவைக்குக் குறையாமல் சிறுநீர் போக வேண்டும். மாதாமாதம் எடை ஏற வேண்டும். அங்கன்வாடியில் எடை பாருங்கள். குறைந்தால் மாட்டுப்பாலைத் தேடாதீர்கள், உடனே கிராம சுகாதார செவிலியரிடம் காட்டுங்கள்.

அந்தப் பேரன் நலமாகத் திரும்பினான். செவிலியர் சொன்னபடி இரவும் பகலும் அடிக்கடி மார்பில் போட்டதில், சில நாட்களில் பால் மறுபடி ஊறியது. அந்த நாட்களில் வீட்டு வேலை முழுவதையும் அக்காவே பார்த்துக்கொண்டார். "நான் செஞ்ச மருந்து அதுதாங்க" என்றார் எங்களிடம்.

உங்கள் குழுவில் பிள்ளை பெற்ற வீடு இருக்கிறதா? இந்த வாரம் ஒரு நடை போய்ப் பார்த்து வாருங்கள்.