சின்னத் துளை, பெரிய பில்: அம்மாவின் ஆபரேஷனுக்கு முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

நீங்க ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலை பார்க்கிறீங்க. அம்மா காஞ்சிபுரத்தில் தறி வேலை செய்றாங்க. பல மாசமா அதிக ரத்தப்போக்கு. ஸ்கேன் எடுத்தால் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி. "லேப்ராஸ்கோபியில் எடுத்துடலாம், சின்ன ஆபரேஷன்தான்" என்கிறார் டாக்டர். பணம் கட்டப்போவது நீங்கதான்.

சின்னது என்பது தழும்புக்குப் பொருந்தும், பில்லுக்குப் பொருந்தாது. வயிற்றில் மூன்று நான்கு சிறு துளை, ஒன்றில் கேமரா. வலி குறைவு, பெரும்பாலும் ஓரிரு நாளில் வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் முழு மயக்க மருந்து, தியேட்டர், கருவிகள் எல்லாவற்றுக்கும் காசு உண்டு. அட்வான்ஸ் கட்டும் முன் இந்த ஐந்தையும் கேளுங்க.

1. ஆபரேஷன் அவசியமா, எந்த வழியில்?

தேவையில்லாமல் கர்ப்பப்பை அகற்றப்பட்ட பெண்கள் பற்றிய வழக்கில், அதைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் ஏற்று நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. பீகார், ராஜஸ்தான், சத்தீஸ்கரில் நடந்த விஷயம் அது. நமக்குப் பாடம்: இன்ஷூரன்ஸ் இருக்கு என்பது ஆபரேஷனுக்குக் காரணம் ஆகாது. வேறொரு மகப்பேறு டாக்டரிடம் செகண்ட் ஒபீனியன் வாங்குங்க. மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் போதுமா? வயிற்றில் துளையே போடாமல் பிறப்புறுப்பு வழியாக எடுக்க முடியுமா? ரோபோ ஆபரேஷன் என்றால் பாலிசியில் தனி உச்சவரம்பு இருக்கா? ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில் அது கவர் தொகையில் பாதிதான். முடிவு டாக்டருடையது, கேள்வி உங்களுடையது.

2. காத்திருப்பு காலம் முடிஞ்சதா?

தனியாக எடுத்த பல பாலிசிகளில் கர்ப்பப்பை நீக்கம், ஃபைப்ராய்டு போன்றவற்றுக்கு 24 மாதம் காத்திருக்கணும். ஐஆர்டிஏஐ விதிப்படி இது 36 மாதத்தைத் தாண்டக் கூடாது. கம்பெனி குரூப் பாலிசியில் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பு கிடையாது, ஆனால் பெற்றோர் அதில் சேர்க்கப்பட்டிருக்காங்களா என்று எச்ஆரிடம் கேளுங்க. வேலையை விட்டால் அந்தக் கவரும் போய்விடும்.

3. ரூம் வாடகை வரம்பு எவ்வளவு?

அதிகம் பேர் அடிவாங்குவது இங்கேதான். கவர் 3 லட்சம், ரூம் வரம்பு 1% என்றால் ஒரு நாளைக்கு 3,000 ரூபாய். நீங்க 6,000 ரூபாய் ரூம் எடுத்தால், ரூம் வித்தியாசம் மட்டும் உங்க தலையில் விழாது. டாக்டர் கட்டணம், தியேட்டர், நர்ஸிங் எல்லாம் சேர்ந்து 90,000 என்றால் அதிலும் பாதி, அதாவது 45,000 வெட்டு! இரண்டு நாள் ரூம் வித்தியாசம் 6,000 சேர்த்தால் 51,000. மருந்து, டெஸ்டுக்கு மட்டும் இந்த விகித வெட்டு கிடையாது. ஷேரிங் ரூம் எடுப்பதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

4. என்ன காரணத்துக்காக அட்மிஷன்?

இது உங்களுக்கோ மனைவிக்கோ நடக்கும் லேப்ராஸ்கோபிக்கு ரொம்ப முக்கியம். குழந்தையின்மை சிகிச்சையையும், பரிசோதனைக்காக மட்டும் அட்மிட் ஆவதையும் பல பாலிசிகள் விலக்கி வைத்திருக்கின்றன. வலி, கட்டி, ரத்தப்போக்கு உண்மையிலேயே இருந்தால் அவை டிஸ்சார்ஜ் சம்மரியில் முழுசா பதிவாகியிருக்கணும். இல்லாததை எழுதச் சொல்லாதீங்க, கிளைமே போயிடும்.

5. அரசு வழி இருக்கா?

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்தம் ஆகுதா? உங்களைச் சார்ந்திருக்கும் பெற்றோரின் மாத வருமானம் 9,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் அவங்களுக்கும் சிகிச்சை உண்டு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கு, ஆண்டுக்கு 5 லட்சம் வரை. நீங்க போகும் ஆஸ்பத்திரியில் இந்தச் சிகிச்சை பட்டியலில் இருக்கா என்று அங்குள்ள காப்பீட்டுத் திட்ட கவுன்டரில் கேட்டுக்கோங்க.

பில்லில் வராத செலவு

பட்டு நெசவில் கூலி சேலைக்குத்தான், நாளுக்கு இல்லை. குழித்தறியில் உட்கார்ந்து காலால் மிதிக்கிற வேலை வயிற்றுத் தையலுக்கு லேசானது இல்லை. கோர்வைச் சேலைக்கு அம்மா துணை ஆள் என்றால் அப்பாவின் தறியும் சேர்ந்து நிற்கும். வயிற்றைத் திறந்து செய்தால் தேற ஆறு வாரம் அல்லது அதற்கும் மேல் ஆகலாம். லேப்ராஸ்கோபியில் பெரும்பாலும் அதைவிடச் சீக்கிரம். குடும்பக் கூலி வாரம் 3,000 என்று வைத்தால், மூன்று வாரம் முன்னாடி தறிக்குத் திரும்புவது 9,000 ரூபாய். இரண்டு எஸ்டிமேட்டை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துப் பாருங்க. இந்தக் கூலி இழப்பை மெடிக்கல் பாலிசி தராது. அதுக்குத்தான் எமர்ஜென்ஸி ஃபண்டு.

கடைசியா வரி. பெற்றோர் பிரீமியத்துக்கு வரிக் கழிவு 25,000 வரை, 60 வயதைத் தாண்டியிருந்தால் 50,000 வரை. பழைய வரி முறையில் மட்டும்தான், கேஷாகக் கட்டினால் கிடையாது.

இன்னிக்கே ஒரு வேலை செய்யுங்க. பாலிசி பேப்பரைத் திறந்து காத்திருப்பு காலம், ரூம் வரம்பு, பெற்றோர் பெயர் மூன்றையும் பென்சிலால் வட்டமிடுங்க. புரியாத வரியை கமெண்டில் போடுங்க, அடுத்த வீடியோவில் பார்க்கலாம்.