மழை விட்டும் பயம் விடலையே!



ராத்திரி தகரக் கூரையில் மழை கொஞ்சம் பலமா விழுந்தால் போதும். சில வீடுகளில் உடனே விளக்கு எரியும். பாட்டி எழுந்து உட்கார்ந்து, "தண்ணி ஏறுதா, பாருய்யா" என்று மகனை எழுப்புவார். காலையில் கேட்டால், "ஒண்ணுமில்லப்பா, தூக்கம் வரல" என்பார். ஜொகூரில் வெள்ளத்தைக் கண்ட குடும்பங்களுக்கு இது தெரிந்த கதைதான்.

2006 டிசம்பரில் பெய்த பேய்மழையில் கோத்தா திங்கி, சிகாமட், குளுவாங், பத்து பகாட், மூவார் என்று ஜொகூரின் பல வட்டாரங்கள் மூழ்கின. தண்ணீர் வடிந்தது, சனங்கள் வீடு திரும்பிச் சேறு கழுவினார்கள். 2007 ஜனவரியில் மீண்டும் வெள்ளம்! கோத்தா திங்கியில் முதல் தடவையைவிட உயரமாக ஏறியது. இரண்டு வெள்ளத்திலும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வீட்டை விட்டு வெளியேறினார்கள். 2023 மார்ச்சிலும் அதே துயரம். பத்து பகாட்டில் சில இடங்களில் தண்ணீர் வாரக்கணக்கில் வடியவில்லை.

போன சாமானை மறுபடி வாங்கிவிடலாம். மனசில் தங்கிய பயத்தை எப்படிக் கழுவுவது? அந்தப் பயத்துக்குத் தீனி போடுவது சேதி தெரியாத நிலைமைதான். தண்ணி எவ்வளவு ஏறும், லாரி எப்போ வரும், தாத்தா எந்த மண்டபத்தில் இருக்கிறார்? பதில் சொல்ல ஆளில்லாவிட்டால் அந்த இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்துகொள்ளும். "அணை உடைஞ்சிருச்சாம்" என்று கைபேசியில் ஒருத்தர் அனுப்ப, லயம் முழுக்க அலறும்.

சரியான சேதி என்ன செய்யும் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. 2004 டிசம்பர் 26, ஆழிப்பேரலை நாள். புதுச்சேரி நல்லவாடு மீனவக் கிராமத்து இளைஞர் ஒருவர், நம் ஜொகூருக்கு அக்கரையில், சிங்கப்பூரில் இருந்தார். செய்தி கேட்டதும் வீட்டுக்குப் போன் போட்டார். ஊரார் தகவல் மையத்தின் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் எல்லாரையும் ஓடச் சொன்னார்கள். வீடுகள் போயின, ஊர்சனம் பிழைத்தது. தெரிந்த குரல், தெரிந்த மொழி, செய்ய வேண்டிய ஒரே காரியம். அவ்வளவுதான்.

நம்மிடமும் பெரட்டுக் களம் இருக்கிறதே! வானிலைத் துறையின் தொடர்மழை எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிறத்தில் வரும். மஞ்சள் என்றால் விழிப்பாயிரு. சிவப்பு என்றால் ஆபத்து. மலாயில் வரும் இந்தச் சேதியைப் பெரட்டில் தமிழில் சொல்ல ஒருவரை மழைக்காலத்துக்கு முன்பே நியமியுங்கள். பக்கத்து லயத்தில் இருக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளிக்கும் சேதி போகட்டும். தெரியாததைத் "தெரியல, சாயங்காலம் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி வந்து சொல்லுங்கள். அவசரத்துக்கு 999.

வெள்ளம் வடிந்த பிறகு தூக்கம் கெடும். பிள்ளை படுக்கையை நனைக்கும். சிலர் பேச்சையே விட்டுவிடுவார்கள். சிலர் சம்சுவைத் தேடுவார்கள். இது பைத்தியமில்லை, கோழைத்தனமுமில்லை. பலருக்கு நாளாக ஆகத் தானே தணியும். உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடு மூன்று காரியம் சொல்கிறது: பார், கேள், உதவியோடு சேர்த்துவிடு. "அன்னிக்கு என்ன நடந்துச்சு, சொல்லு சொல்லு" என்று யாரையும் குடையக் கூடாது. பக்கத்தில் உட்காருங்கள், பேசினால் கேளுங்கள். "இதுக்கெல்லாம் அழுவியா?" என்று மட்டும் கேட்காதீர்கள். பிள்ளைகளைச் சீக்கிரம் பள்ளிக்கு அனுப்புங்கள். பழகிய நாள் நடப்பே அவர்களுக்கு மருந்து.

வாரங்கள் போயும் தூக்கமில்லை, வேலைக்குப் போக முடியவில்லை என்றால் கிளினிக்கில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் ‘ஹீல்’ மனநல உதவி எண் 15555. "செத்துப் போகலாம் போல இருக்கு" என்று யாராவது சொன்னால், அவரைத் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

மழையை நிறுத்த நம்மால் ஆகாது. இன்று ராத்திரி பாட்டி எழுந்து உட்கார்ந்தால், "பேசாம படு" என்று அதட்டாமல், வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "வாய்க்கால்ல தண்ணி கீழதான் இருக்கு, பாட்டி. ஏறினா நான் எழுப்புறேன்" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையில் அவர் கண்ணயர்வார்.