உங்களுக்குத் தெரியுமா? நாசாவுக்கு ஆள் சேர்த்த நடிகை!

1977இல் விண்வெளி ஓடத்துக்கு வீரர்களைத் தேடிய நாசா, பெண்களையும் கறுப்பின மக்களையும் விண்ணப்பிக்க வைக்க நாடியது ஒரு தொலைக்காட்சி நடிகையை!

● அவர் நிஷெல் நிக்கோல்ஸ். 1966இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்' தொடரில் விண்கலத்தின் தகவல் தொடர்பு அதிகாரி உஹுராவாக நடித்தவர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் கறுப்பினப் பெண்களுக்குப் பெரும்பாலும் வேலைக்காரி வேடமே கிடைத்த காலம் அது.

● முதல் பருவம் முடிந்ததும் விலக நினைத்த அவரை, போகக் கூடாது என்று தடுத்தவர் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய தலைவர் மார்ட்டின் லூதர் கிங்.

● நாசாவின் அந்தத் தேடலில் 1978இல் தேர்வான 35 பேரில் 6 பேர் பெண்கள், 3 பேர் கறுப்பினத்தவர். அதற்கு முன் நாசாவின் விண்வெளி வீரர் குழு எதிலும் ஒரு பெண்கூட இல்லை. விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கப் பெண் சாலி ரைடு இந்த அணியில் வந்தவர்தான்.

● சிகாகோவில் வளர்ந்த மே ஜெமிசன் என்ற சிறுமிக்கு ஒரு கோபம்: அப்போலோ வீரர்களில் ஏன் ஒரு பெண்கூட இல்லை? ஆனால், திரையில் உஹுரா இருந்தார். மருத்துவம் படித்த ஜெமிசன், 1992 செப்டம்பரில் 'எண்டெவர்' ஓடத்தில் பறந்து, விண்வெளிக்குச் சென்ற முதல் கறுப்பினப் பெண் ஆனார். பணி நேரம் தொடங்கும்போதெல்லாம் உஹுராவின் வசனம் ஒன்றைத் தரைக் கட்டுப்பாட்டு மையத்துக்குச் சொல்வாராம்!

● மறு ஆண்டே ஸ்டார் ட்ரெக்கின் அடுத்த தொடரில் ஒரு காட்சியில் நடித்தார் ஜெமிசன். அந்தத் தொடர்களில் தோன்றிய முதல் நிஜ விண்வெளி வீரர் அவரே.