ஆசானுக்கும் ஓர் ஆசான்

செட்டிகுளத்திலிருந்து வவுனியாவுக்குப் புறப்படும் காலை பஸ் வண்டியில் இருக்கை கிடைப்பது அரிது. சென்ற மாதம் ஒருநாள் எனக்கு அந்தப் பாக்கியம் கிட்டியது. பக்கத்தில் இருந்தவள் என் பழைய மாணவி. கணிதத்தில் முதல் வகுப்பில் தேறி, நாட்டின் பல்கலைக்கழகமொன்றிலே ஈராண்டுகளாகத் தகுதிகாண் விரிவுரையாளராய் இருக்கிறாள். ஊரே பெருமைப்படும் அப்பிள்ளை, "பதவியை விட்டுவிடலாமோ என்று யோசிக்கிறேன், சேர்" என்றாள்.

நான் திகைத்தேன்.

"முதல்நாள் பாடத்திட்டத்தையும் அறைச் சாவியையும் தந்தார்கள். அதன்பின் என் வகுப்பு எப்படி நடக்கிறதென்று ஒருவருமே கேட்கவில்லை."

பாடசாலை ஆசிரியரான எனக்கு இது விந்தையாயிருந்தது. நாங்கள் கற்பித்தற் பயிற்சி பெற்ற காலத்தில், வகுப்பின் கடைசி வாங்கிலே ஒருவர் அமர்ந்து குறிப்பெழுதுவார். அன்று அவரைக் கண்டாலே எரிச்சல். ஆனால், கரும்பலகையை முதுகால் மறைத்துக்கொண்டு எழுதும் என் பழக்கத்தைப் போக்கியவர் அவரேயன்றோ! பல்கலைக்கழகத்திலோ, நேற்றுவரை மாணவராய் இருந்தவர் இன்று விரிவுரை மண்டபத்தில் தனியே நிற்கின்றார். நியமனம் உறுதியாக வேண்டுமாயின் எட்டாண்டுகளுக்குள் உயர்பட்டம் பெறவேண்டும். புதியவர்களுக்கான கற்பித்தற் பயிற்சிநெறியையும் முடிக்கவேண்டும். பயிற்சிநெறி நல்லதே. எனினும், ஆய்வுக் கட்டுரை திரும்பி வந்த இரவில் அது துணைக்கு வருமா?

நம் முன்னோர் இதனை வேறுவிதமாகச் செய்தனர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர் சுவாமி விபுலாநந்தர். அவருக்குப்பின் அப்பீடத்தில் அமர்ந்த க. கணபதிப்பிள்ளை, இளையவரான சு. வித்தியானந்தனைத் தம்மருகே வைத்து வளர்த்தார். வித்தியானந்தனோ 1960களில் பேராதனையில் நாட்டுக்கூத்தை மேடையேற்றியபோது, சி. மௌனகுரு என்னும் மாணவரை ஆடவிட்டார். அம்மாணவர் பிற்காலத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகிப் பலரை ஆடவைத்தார். ஆசிரியர் 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார். இவையெல்லாம் எந்தச் சுற்றுநிருபத்தின்படி நடந்தன?

மூத்தோர் மாத்திரமல்லர், ஒத்த வயதினரும் ஒருவருக்கொருவர் ஆசானாகலாம். நண்பர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் அடுத்தடுத்துப் பர்மிங்காம் சென்று, ஜோர்ஜ் தொம்சன் என்னும் ஒரே அறிஞரிடம் ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் பெற்றனர். முன்னே போனவர் வழியறிந்து சொன்னால், பின்னே போகிறவருக்குப் பாதி தூரம் குறையும்.

பஸ் பம்பைமடுவை அடைந்தது. அங்கே வவுனியாப் பல்கலைக்கழகம். 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாய்த் தொடங்கி, 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாகி, 2021இல் தனித்து நின்றது. இத்தகைய இளம் நிறுவனங்களில் மூத்தோர் குறைவாயிருப்பது இயல்பு. போதாக்குறைக்கு, 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப்பின் நாடெங்கும் விரிவுரையாளர் பலர் கடல்கடந்தனர். நடுப்படிகள் கழன்ற ஏணியில் மேலே நிற்பவரும் கீழே நிற்பவரும் ஒருவரையொருவர் அண்ணாந்தும் குனிந்தும் பார்க்கின்றனர். 65 வயதில் ஓய்வுபெறும் பேராசிரியர், முப்பதாண்டு அனுபவத்தையும் வீட்டுக்கே கொண்டுபோகின்றார். நடுவயதினர் நிலையும் பரிதாபமே: பதவி உறுதியானபின் அவரை யார் விசாரிப்பார்?

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். வழிகாட்டுகிறவர் துறைத்தலைவராய் இருத்தலாகாது. நம் நியமனத்துக்கு அறிக்கை எழுதும் கையிடம் நம் பலவீனத்தை எவர் காட்டுவார்? வேறு துறையைச் சேர்ந்த இருவர், புள்ளியிடாமல், ஒருவர் வகுப்பில் மற்றவர் போய் இருந்து கேட்கலாம். பணம் வேண்டியதில்லை, ஒரு மணித்தியாலமும் கொஞ்சம் கூச்சமின்மையும் போதும்.

இதையெல்லாம் அவளிடம் சொன்னேன். சிறிதுநேரம் யன்னலுக்கு வெளியே பார்த்திருந்தவள், "அப்படியானால் ஒருநாள் நீங்களே வந்து கடைசி வாங்கில் இருப்பீர்களா, சேர்?" என்றாள்.

"உன்னுடைய கணிதம் எனக்கு விளங்காதே, பிள்ளை."

"விளங்காமற்போகிற இடம் எதுவென்று சொன்னால் போதும்."

அடுத்த மாதம் போவதாக இருக்கிறேன்.