கோடு அழுமா, சார்?

ஓவியக் கண்காட்சிக்குப் போன ஆசாமி ஒருவர் முன்னால் நின்று பார்க்கிறார். நாலடி பின்னால் போய்ப் பார்க்கிறார். தலையைச் சாய்த்துப் பார்க்கிறார். கடைசியில் கண் கலங்க, “என்ன ஒரு சோகம் சார் இதுல!” என்கிறார். ஓவியர் பவ்யமாகச் சொல்கிறார்: “அது சுவிட்ச் போர்டு சார். படம் அந்தப் பக்கம்.”

இந்த ரக ஜோக்கை எத்தனை தீபாவளி மலரில் படித்திருப்பீர்கள்! ஆனால் நிஜத்தில் நடந்தது இதையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். 1961-ல் நியூயார்க் நவீன கலை மியூசியத்தில், பிரெஞ்சு ஓவியர் மத்தீஸின் படகுப் படம் ஒன்றைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். 47 நாள் அப்படியே தொங்கியது. லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைக் கடந்து போனார்கள். கண்டுபிடித்தது யார்? கலை விமர்சகர் இல்லை. பங்குத் தரகு ஆபீஸில் வேலை பார்த்த ஓர் அம்மணி! நம்ம இனம்!

நானும் பி.காம். ஆசாமிதான். ஒரு பக்கம் பற்று என்றால் மறுபக்கம் வரவு எங்கே என்று தேடுகிற ரகம். மாடர்ன் ஆர்ட் என்றாலே எனக்கு வருகிற சந்தேகம் அதுதான். ஓவியர் தன் மனசிலிருந்து உணர்ச்சியை எடுத்துக் கேன்வாஸில் போட்டாராம். சரி. அது என் கணக்கில் ஏன் வந்து சேரவில்லை? நடுவில் எங்கே தொலைந்தது?

தொல்காப்பியர் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மெய்ப்பாடு எட்டு. மெய்ப்பாடு என்றால் உள்ளே இருப்பது உடம்பில் தெரிவது. அழகான வார்த்தை. ஓவியத்துக்கு வரும்போதுதான் சிக்கல். யாருடைய உடம்பில் தெரிய வேண்டும்? படத்தில் இருக்கிறவர் உடம்பிலா, வரைந்தவர் கையிலா, பார்க்கிற நம்ம மேலேயா?

ரவிவர்மா காலத்தில் இந்தக் குழப்பம் இல்லை. படத்திலிருக்கும் தமயந்தி முகத்தில் ஏக்கம் இருந்தால் படத்தில் ஏக்கம் இருக்கிறது. 1894-ல் அவர் ஆரம்பித்த அச்சகத்திலிருந்து படங்கள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. அப்புறம் கோவில்பட்டி கொண்டையராஜுவின் காலண்டர் சாமிகள். முருகர் சிரித்தார், நாமும் சிரித்தோம். சமீப காலத்தில் கும்பகோணம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஓவியர் இளையராஜா, அடுப்படியிலும் ஜன்னலோரத்திலும் உட்கார்ந்திருக்கும் நம்ம ஊர்ப் பெண்களை அச்சு அசலாக வரைந்தார். ‘இது எங்க அக்கா மாதிரியே இருக்கு’ என்று எத்தனை பேர் உருகியிருப்பார்கள்! 2021-ல் கொரோனா அவரைக் கொண்டுபோனபோது, கண்காட்சிப் பக்கமே போகாதவர்கள்கூட வருத்தப்பட்டார்கள்.

அந்தப் பக்கம், நார்வேயில் எட்வர்ட் முங்க் 1893-லேயே வேறு வேலை செய்துவிட்டார். பாலத்தில் ஓர் உருவம் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது. வானம், தண்ணீர், கோடு எல்லாம் சேர்ந்து அலறுகிறது. 2012-ல் அதன் ஒரு பிரதி கிட்டத்தட்ட 12 கோடி டாலருக்கு ஏலம் போனது. படத்தின் ஒரு மூலையில், பைத்தியக்காரன்தான் இதை வரைந்திருக்க முடியும் என்ற பொருளில் பென்சில் கிறுக்கல் இருக்கிறது. எவனோ பார்வையாளன் வேலை என்று ரொம்ப காலம் நினைத்தார்கள். அது முங்க்கின் கையெழுத்துதான் என்று 2021-ல் மியூசியத்தார் உறுதி செய்தார்கள்.

பிறகு உலகம் முழுக்க ஒரு நம்பிக்கை பரவிவிட்டது. ஓவியன் என்றால் தாடி, கலைந்த தலை, பாதி கிறுக்கு. உணர்ச்சி பொங்கும், அப்படியே கேன்வாஸில் கொட்டுவான், முடிந்தது வேலை.

அப்படியா?

இதைச் சேவூரில் கேட்டேன். ஆரணிக்குப் பக்கத்தில், பட்டுத் தறிச் சத்தத்திலேயே பொழுது விடிகிற ஊர். முப்பது வருஷத்துக்கு மேல் தறியில் உட்கார்ந்த ஒரு பெரியவரிடம், “அண்ணே, மனசு சரியில்லாத அன்னிக்கு நெஞ்சா சேலையில தெரியுமா?” என்றேன்.

“தெரியாம பின்ன? வூட்ல சண்டை போட்டுட்டு வந்து குந்தினா அடி பலமா உளும் தம்பி. அந்த எடம் கெட்டியா வரும். மறுநாளு மனசு சமாதானமானா லேசா வரும். வெளிச்சத்துல புடிச்சா பட்டை பட்டையா காட்டிக் குடுத்துரும்.”

“அப்புறம்?”

“அப்புறமின்னா? கூலில புடிச்சுக்குவாங்க!”

ஆக, சேலையில் உணர்ச்சி தெரிந்தால் கூலியில் பிடித்தம். கேன்வாஸில் தெரிந்தால் 12 கோடி டாலர். என்ன நியாயம் சார் இது என்று கேட்கத் தோன்றுகிறதா? எனக்கும் தோன்றியது. ஆனால் அதே ஊரில் சேலை டிசைனைக் கவனித்தபோது விஷயம் கொஞ்சம் பிடிபட்டது. பார்டரில் ஓர் அன்னம் வரவேண்டும். அதை முதலில் கட்டம் போட்ட கிராஃப் தாளில் வரைகிறார்கள். அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை, அட்டை ஜக்கார்டு பெட்டியில் ஏறும், பெட்டி நூலைத் தூக்கும். அன்னத்தின் கழுத்து எவ்வளவு வளைந்தாலும் கட்டம் கட்டமாகப் படியேறித்தான் வளைய முடியும். கட்டமோ எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் ஒருத்தர் கையில் அந்தக் கழுத்து கர்வமாக நிமிர்கிறது. இன்னொருத்தர் கையில் ஜுரம் வந்த வாத்து மாதிரி இருக்கிறது! கர்வமான அன்னத்தை வரைந்தவர் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தாரா, கடன்காரனுக்குப் பயந்துகொண்டிருந்தாரா, யாருக்குத் தெரியும்? எந்தக் கட்டத்தில் திரும்ப வேண்டும் என்று அவர் கைக்குத் தெரிந்திருந்தது.

முங்க் விஷயத்தில் பலர் கவனிக்காத தகவலும் இதுதான். அந்த அலறலை அவர் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போகவில்லை. வண்ணத்தில் நான்கு முறை செய்தார், அச்சுக்கல்லில் ஒரு முறை. பொங்கி வழிகிற ஆசாமி இத்தனை முறையா உட்கார்ந்து அலறுவார்?

தறிக்கும் மாடர்ன் ஆர்ட்டுக்கும் நான் வலிந்து முடிச்சுப் போடுகிறேன் என்று நினைக்காதீர்கள். மெட்ராஸ் ஓவியர்களில் பெரிய பேர்களான ரெட்டப்ப நாயுடுவும் ஆதிமூலமும் நெசவாளர் சேவை மையத்தில் வேலை பார்த்தவர்கள். அரசாங்க உத்தியோகம்! காலையில் துணிக்கு டிசைன், மிச்ச நேரத்தில் ஓவியம்.

துறையூர்ப் பக்கம் கீராம்பூரில் பிறந்த ஆதிமூலம், காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி காந்தியைக் கருப்பு மையில் வரைந்து தள்ளினார். காந்தி நமக்கு ரூபாய் நோட்டில் சிரிக்கிறவர். ஆதிமூலத்தின் காந்தியில் கோடு சில இடத்தில் நூல் சிக்கல் மாதிரி சுற்றிக்கொள்ளும், சில இடத்தில் ஒற்றைக் கோடு நீளமாகப் போய் நின்றுவிடும். அந்தக் கோட்டிலேயே ஒரு தனிமை இருக்கிறது. மை கருப்புதான், காகிதம் வெள்ளைதான். பிற்காலத்தில் அவர் உருவத்தையே விட்டுவிட்டு வெறும் வண்ணத்துக்குப் போனார். அங்கே நான் கொஞ்சம் பின்தங்கிவிடுகிறேன். என் கட்சி கோடு.

சேவூர்க்காரர்கள் சொந்தம் கொண்டாட ஓர் ஆளும் உண்டு. ஏ.பி. சந்தானராஜ், இதே திருவண்ணாமலை மண்ணில் 1932-ல் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, அங்கேயே பாடம் நடத்தி, முதல்வராகவும் இருந்தார். 2009-ல் காலமானார். கோடு என்று பேச்செடுத்தால் அவர் மாணவர்கள் இன்றைக்கும் கையைக் கட்டிக்கொண்டுதான் பேசுவார்கள். மாவட்டத்தில் எத்தனை பேருக்கு அவர் பேர் தெரியும் என்று கேட்டால் சங்கடமாகிவிடும், விடுங்கள்.

நான் சொல்ல வந்த ஆள் வேறு. கே. ராமானுஜம்.

சென்னைப் பையன். பேச்சு திக்கும். மனநோய் அவரை விடாமல் துரத்தியது. ஊர் அவரைப் பார்த்துச் சிரித்தது. ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர்தான் அந்தக் கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்.

இப்படி ஒருத்தர் வரைந்தால் என்ன வரைவார் என்று எதிர்பார்ப்பீர்கள்? அலறலை, இருட்டை, கிழிந்த முகங்களை? ராமானுஜம் அரண்மனை வரைந்தார் சார்! கோபுரம், மாடம், யானை, படகு, தேவலோகப் பெண்கள். பேனா மையில் பொடிப்பொடிக் கோடுகளாக இழைத்து இழைத்து, ஒரு அங்குலம்கூடச் சும்மா விடாமல். அத்தனை ஆடம்பரத்துக்கும் நடுவில் தொப்பி வைத்த ஒரு சின்ன மனிதன். அது ராமானுஜமேதான். தெருவில் கிடைக்காத மரியாதையை அவர் காகிதத்தில் தனக்குத்தானே கட்டிக்கொண்டார். படத்தில் யாரும் அழவில்லை. ஆனால் அந்தத் தொப்பிக்காரரைக் கண்டுபிடித்த பிறகு பார்க்கிற நமக்குத்தான் தொண்டை அடைக்கிறது. தொல்காப்பியர் எட்டில் எது இது? பெருமிதமா, அழுகையா? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

1973-ல், முப்பது தாண்டிச் சில வருடங்களிலேயே, ராமானுஜம் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவரை வைத்து சி. மோகன் ‘விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்’ என்று நாவல் எழுதியிருக்கிறார்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. “அவ்வளவு கஷ்டப்பட்டதாலதான் அப்படி வரைய முடிஞ்சுது” என்று ஒரு கூட்டம் காபி குடித்துக்கொண்டே சொல்லும். கஷ்டம் வரையாது சார். கஷ்டப்படுகிறவர்கள் நாட்டில் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ராமானுஜம் வரைந்தது நோய் இருந்தும்தான். ஒவ்வொரு பொடிக் கோட்டுக்கும் நிதானம் வேண்டும், நேரம் வேண்டும், அதைவிட முக்கியமாக உட்கார ஓர் இடமும் சாப்பிட ஒரு வேளைச் சோறும் வேண்டும்.

பணிக்கருக்கு இது தெரிந்திருந்தது. அவர் ‘உணர்ச்சி வசப்படுங்கள்’ என்று பிரசங்கம் செய்யவில்லை. பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்க வைத்தார். அந்தக் காசில் ஓவியர்கள் சேர்ந்து ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. கைவேலை வயிற்றுக்கு, ஓவியம் ஓவியத்துக்கு. வாங்குகிறவன் முகத்தைப் பார்த்து வரையவேண்டிய கட்டாயம் இல்லை. ராமானுஜமும் அங்கேதான் இருந்தார். அவரைக் கடைசி வரை காப்பாற்ற அதுவும் போதவில்லை. ஆனாலும் அந்த அரண்மனைகள் வந்த வருடங்களை அந்த மணலும் கொடுத்தது. ஒரு பி.காம். ஆசாமியாகச் சொல்கிறேன், தமிழ்நாட்டு ஓவியத்தில் நடந்த மிகச் சிறந்த நிதி நிர்வாகம் இது!

சோழமண்டலத்தில் இப்போது மெட்ராஸ் ஓவிய இயக்கத்துக்கென்று தனி மியூசியமே இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், மகாபலிபுரம் போகிற வழியில்தான். அடுத்த முறை ஆபீஸ் டூர் வேன் அந்தப் பக்கம் போனால் அரை மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். படத்தின் கீழே எழுதியிருக்கும் விளக்கத்தைப் படிக்காதீர்கள். ஒரே ஒரு கோட்டை எடுத்துக்கொண்டு, அது எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே தயங்குகிறது, எங்கே நிற்கிறது என்று விரலை நீட்டாமல் கண்ணாலேயே பின்தொடர்ந்து பாருங்கள். ஒன்றும் தோன்றவில்லையா, அடுத்த படத்துக்குப் போங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். வேனில் இருக்கிற மற்ற பதினேழு பேரும் முதலைப் பண்ணைக்குத்தான் போகணும் என்று கத்தினால் மட்டும் என்னைத் திட்டாதீர்கள்.